பென்சிலுக்கும் கேசட்டுக்கும் என்ன உறவு என்று தெரிந்தவர்களுக்கு

"சேமி என்பதற்கு ஏன் இந்தச் சதுரப் படம்?" என்று ஒரு பிள்ளை கேட்கிறது. அது ஃப்ளாப்பி, 3.5 அங்குல அகலம், மொத்தக் கொள்ளளவே 1.44 மெகாபைட் என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் நமக்கே உறைக்கிறது, வயதாகிவிட்டது. போனில் பேசுவதுபோல் சைகை காட்டச் சொன்னால் நாம் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டுகிறோம். சின்னப் பிள்ளைகள் உள்ளங்கையைத் தட்டையாகக் கன்னத்தில் வைக்கிறார்கள். பழைய கேசட்டின் உறையில் எழுதியிருப்பதைப் படிக்க முயன்றால் கை தானாக நீள்கிறது. நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வளையும் தன்மையை இழப்பதால் எல்லோருக்கும் வருவதுதான் இது. அந்தக் கேசட்டோடு ஒரு பென்சிலை ஏன் வைத்திருந்தோம் என்பதையும் இப்போது விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேசட் சக்கரத்துக்கு உள்ளே ஆறு பற்கள், பென்சிலுக்கு ஆறு பட்டை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்.

இந்த நொடிகளைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அவற்றுக்குள் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. அந்தக் கேசட்டை ஓட்டத் தெரிந்தவரும், அதில் பேசுவது யார் என்று குரலைக் கேட்டதும் சொல்லத் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருப்பது நம்மோடு முடியப்போகிறது. கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டுகளை விடுங்கள், அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை வேறெங்காவது கிடைக்கும். வீட்டில் பதிந்தது, அதாவது தாத்தா பேசியது, குழந்தை மழலையில் பாடியது, வெளியூரிலிருந்து கடிதத்துக்குப் பதிலாக வந்த குரல், இவையெல்லாம் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அதைக் காப்பாற்றுவதற்கு வேண்டிய கைப்பழக்கம் நம்மிடம்தான் மிச்சமிருக்கிறது. எப்படிச் செய்வது என்பதை முழுசாக எழுதுகிறேன்.

முதலில் கேசட்டைப் பற்றிக் கொஞ்சம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் இதை அறிமுகப்படுத்தியபோது முக்கியமாகப் பேச்சைப் பதிவதைத்தான் மனதில் வைத்திருந்தது. இசை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடும் சி-60 கேசட்டில் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா, தடிமன் சுமார் 18 மைக்ரான். சி-90 சுமார் 12 மைக்ரான், சி-120 சுமார் 9 மைக்ரான். உறையில் இருக்கும் அந்த எண்தான் இந்த வேலையில் நீங்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சி-60 கொஞ்சம் முரட்டுத்தனத்தையும் தாங்கும். சி-120 இழுபடும், முறுக்கிக்கொள்ளும், இயந்திரத்தின் ரப்பர் உருளையில் சுற்றிக்கொள்ளும். அதை வேகமாகச் சுற்றவே கூடாது.

கேசட்டைக் கையில் எடுத்ததும் ஓடவிட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். சுருளின் மேற்பரப்பு வழவழப்பாக, ஒரே மட்டமாக இருந்தால் நல்லது. வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பொடிப்பொடியாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் அது இயந்திரத்தில் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனியாக மூடிய பையில் போட்டு வைத்து, வேலை தெரிந்தவர்களிடம் கொடுப்பதே நல்லது. அடுத்து, முதுகுப் பக்கத்தில் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளைப் பாருங்கள். உடையாமல் இருந்தால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். பழைய இயந்திரத்தில் கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் குரல் அழியாமல் இருக்க இதுதான் ஒரே பாதுகாப்பு.

கேசட்டின் திறந்த விளிம்பில் நடுவே, செப்பு நிறத் தகட்டின் மேல் ஒரு குட்டிக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்துவது இதுதான். வருடங்கள் போகப் போகப் பசை காய்ந்து இது விழுந்துவிடும். விழுந்த கேசட் ஓடும், ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி, ஏறி இறங்கிக் கேட்கும். பலர் "நாடா போய்விட்டது" என்று எறிவது இந்த நிலையில் இருக்கும் கேசட்டைத்தான். நாடாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வேறொரு கேசட்டிலிருந்து தகட்டோடு சேர்த்து அந்தத் துண்டை மாற்றினால் போதும்.

அதற்குக் கேசட்டைத் திறக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் ஐந்து ஸ்குரூக்கள் இருக்கும். மேசையில் தட்டையாக வைத்து, சின்ன நட்சத்திர ஸ்குரூ டிரைவரால் கழற்றி, மேல் பாதியை மட்டும் நேராகத் தூக்குங்கள். சாய்த்தால் சுருள் சரிந்து கொட்டும். வேறு எதையும் தொடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு சக்கரங்கள், முன்பக்க மூலைகளில் இரண்டு சின்ன உருளைகள், மேலும் கீழும் வழுவழுப்பான இரண்டு தாள்கள், நடுவில் அந்தக் கம்பளித் துண்டு, அதன் பின்னால் ஒரு உலோகத் தகடு இருக்கும். நாடா இடது சக்கரத்திலிருந்து இடது மூலை உருளையைச் சுற்றி, கம்பளித் துண்டின் முன்னால் போய், வலது மூலை உருளையைத் தாண்டி வலது சக்கரத்துக்குச் செல்கிறது. இந்தப் பாதை தவறினால் நாடா மடங்கும். ஓடு உடைந்திருந்தாலும் வளைந்திருந்தாலும் இரண்டு சக்கரங்களையும் நாடாவோடு அப்படியே தூக்கி, ஸ்குரூ வைத்த வேறொரு கேசட்டின் ஓட்டுக்குள் மாற்றலாம். ஸ்குரூ இல்லாமல் ஒட்டியே வந்த கேசட்டுகளில், சேரும் கோட்டில் மெல்லிய கத்தியை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காமல் வைத்து மெல்லப் பிளக்க வேண்டும். ஓடு உடையத்தான் செய்யும். உள்ளே இருப்பதுதான் முக்கியம்.

நாடா அறுந்திருந்தால் சாதாரண செலோடேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் ஹெட்டையும் பிடித்துக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே விற்கும் ஒட்டுப்பட்டை 3.81 மில்லிமீட்டர் அகலத்தில் கிடைக்கிறது. இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டாக வெட்டி, இடைவெளியோ மேற்படிவோ இல்லாமல் சேர்த்து, பின்பக்கத்தில் ஒட்டுங்கள். எது பின்பக்கம் என்ற குழப்பம் வரும். பளபளப்பை வைத்து முடிவு செய்ய முடியாது, சில நாடாக்களில் பதிவுப் பக்கமே மின்னும். கேசட்டுக்குள் இருக்கும்போது வெளியே, ஹெட்டைப் பார்த்தபடி இருப்பது பதிவுப் பக்கம். உள்நோக்கி இருப்பதில்தான் ஒட்ட வேண்டும். கசங்கிய பகுதியை வெட்டி எறியாதீர்கள். விரல் படாமல் சுத்தமான துணியால் மெல்ல நீவிவிடுங்கள். வெட்டும் ஒவ்வொரு 4.76 சென்டிமீட்டருக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு நொடி, மறுபக்கத்தில் ஒரு நொடி போய்விடும். கசங்கிய இடம் மங்கலாகக் கேட்டாலும் ஒரு சொல் புரியும், வெட்டினால் அதுவும் இல்லை.

இனி இயந்திரம். பரணிலிருந்து இறக்கிய டேப் ரிக்கார்டரில் முதலில் கெட்டிருப்பது பெல்ட். ரப்பர் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் உருகித் தார்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் தளர்ந்தால் என்ன ஆகும் என்பது நாடா சிக்கிக்கொண்ட அனுபவம் உள்ள எல்லோருக்கும் தெரியும், ஏன் என்பது தெரிந்திருக்காது. நாடாவை இழுப்பது மெல்லிய எஃகுத் தண்டும் அதை அழுத்தும் ரப்பர் உருளையும். அப்படி வெளியே வரும் நாடாவை வலது சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட்டோ ரப்பர் வளையமோ வலுவிழந்தால், நாடா வந்துகொண்டே இருக்கும், வாங்கிக்கொள்ள ஆளிருக்காது. குவிந்த நாடா உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அதனால் பெல்ட்டை மாற்றிய பிறகும், போனால் பரவாயில்லை என்ற ஒரு கேசட்டை முழுப் பக்கமும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக் குரலை உள்ளே வைக்க வேண்டும். சிக்கிக்கொண்டால் கேசட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ரப்பர் உருளையைக் கையால் எதிர்ப்பக்கமாகத் திருப்பித் திருப்பி நாடாவை விடுவியுங்கள்.

ஹெட்டையும் எஃகுத் தண்டையும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பழுப்பாக வருவது நாடாவிலிருந்து உதிர்ந்த துகள். குச்சி வெள்ளையாகவே வரும்வரை துடைத்து, ஐந்து நிமிடம் உலரவிடுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அடிக்கடி பயன்படுத்தினால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். அதற்கு லேசான சோப்புத் தண்ணீர் போதும். இதைச் சில கேசட்டுகளுக்கு ஒருமுறை செய்யுங்கள். துகள் உதிர்க்கும் கேசட் என்றால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் செய்யுங்கள்.

பல வருடம் ஓடாமல் கிடந்த சுருளில் இறுக்கம் சீராக இருக்காது, சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பென்சிலுக்கு இங்கேதான் வேலை. முதலில் தொய்வை எடுத்துவிட்டு, முதல் சில மீட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் இயந்திரத்தில் கடைசிவரை ஒருமுறை முன்னோக்கிச் சுற்றி, திரும்பவும் பின்னோக்கிச் சுற்றிவிட்டு அதன் பிறகு ஓட்டுங்கள். சி-120 என்றால் வேகச் சுற்றலுக்குப் பதிலாக, ஒலியைக் குறைத்து வைத்து ஒரு பக்கம் முழுக்கச் சாதாரண வேகத்தில் ஓட்டிவிடுவது பாதுகாப்பு.

பெரும்பாலானவர்கள் தவறவிடும் விஷயம் ஹெட்டின் சாய்வு. பதிந்த இயந்திரத்தின் ஹெட் நாடாவுக்கு எந்தக் கோணத்தில் இருந்ததோ, கேட்கும் இயந்திரத்திலும் அதே கோணத்தில் இருக்க வேண்டும். இம்மி பிசகினாலும் உயர் அலைவரிசைகள் போய்விடும். பேச்சில் ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் மழுங்குவது இதனால்தான். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்குரூ இருக்கும், பலவற்றில் பெயிண்ட் பூசி நிறுத்தியிருப்பார்கள். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் கால் சுற்றுக்கு உள்ளாகவே மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பி, ஒலி எந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கிறதோ அங்கே விடுங்கள். காந்தம் ஏறாத ஸ்குரூ டிரைவர் அவசியம். திருப்பும்போது இடது வலது இரண்டையும் சேர்த்து மோனோவாகக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு இயந்திரத்தில் பதிந்ததாக இருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இங்கே வயது குறுக்கே வருகிறது. காது முதலில் இழப்பது உயர்ந்த அலைவரிசைகளைத்தான், அதுவும் நமக்குத் தெரியாமலேயே. ஐம்பது வயதுக் காதை நம்பி இந்த ஸ்குரூவைத் திருப்பினால் "சரியாகத்தான் இருக்கிறது" என்று தோன்றிவிடும். ஒரு பள்ளிப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து "எப்போது கூர்மையாகக் கேட்கிறது?" என்று கேளுங்கள். கணினியில் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் வசதி இருந்தால், 8 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி எப்போது உயர்கிறது என்று பார்த்தும் நிறுத்தலாம். நான் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வேன். பிள்ளைகளுக்கும் இந்த வேலையில் ஒரு பங்கு இருக்கட்டும்.

கணினியோடு இணைக்கும்போது நடக்கும் பெரிய தவறு, மடிக்கணினியில் இருக்கும் ஒற்றைத் துளையில் வயரைச் செருகுவது. அது பெரும்பாலும் மைக் துளை. மோனோவாகத்தான் வாங்கும், வரும் சத்தத்தைப் பல மடங்கு பெருக்கிக் கரகரப்பாக்கிவிடும். லைன்-இன் துளை உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கி, ரிக்கார்டரின் லைன்-அவுட்டிலிருந்து அதற்கு இணையுங்கள். லைன்-அவுட் இல்லையென்றால் ஹெட்போன் துளையிலிருந்து, வால்யூமை நடுவில் வைத்து எடுக்கலாம். ஆடாசிட்டி போன்ற இலவசச் செயலி போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பு. 90 நிமிடக் கேசட் ஒன்றுக்குச் சுமார் ஒன்றரை ஜிகாபைட் ஆகும். கணினி தானாகச் செய்யும் இரைச்சல் குறைப்பு, ஒலி மேம்பாடு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை மெல்லிய பேச்சை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். மிகச் சத்தமான இடத்தைத் தேடி ஓட்டி, உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். சத்தம் குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம், எல்லை தாண்டி வெட்டுப்பட்டதை முழுதாக மீட்க முடியாது.

நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. கேசட்டில் டால்பி என்று குறித்திருந்தால் மட்டும் போடுங்கள். சாதாரண வீட்டு ரிக்கார்டரில் பதிந்த பேச்சுக்கு அதைப் போட்டால் குரல் மூடிக்கொள்ளும்.

90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகத்தான் செய்யும், குறுக்குவழி இல்லை. ஓடவிட்டுவிட்டு வேறு அறைக்குப் போகாதீர்கள், நாடா சிக்கினால் உடனே நிறுத்த ஆள் வேண்டும். பேச்சு முடிந்து அமைதியாக ஓடுகிறதே என்று நிறுத்திவிடவும் வேண்டாம். வீட்டுக் கேசட்டுகளில் பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகு வேறொரு நாள் பதிந்த பேச்சு திடீரென்று வரும். மோனோ ரிக்கார்டரில் பதிந்ததாக இருந்தாலும் ஸ்டீரியோவாகவே எடுங்கள். இடது, வலது ஒலிகளில் ஒன்று சேதமாகியிருந்தால் மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள முடியும்.

குரல் சற்றுக் கீச்சென்று, அவசரமாகப் பேசுவதுபோல் இருந்தால் அப்போது பேட்டரி தீரும் நிலையில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக ஓடியபோது பதிந்தது சரியான வேகத்தில் ஓடும்போது வேகமாகக் கேட்கும். செயலியில் வேகத்தைக் குறையுங்கள், சுருதியும் சேர்ந்து இறங்கும் தேர்வாகப் பார்த்து. பின்னணியில் மின்சார ரீங்காரம் பதிந்திருந்தால் அதுவே அளவுகோல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் பதிந்தது 53 ஹெர்ட்ஸ் என்று காட்டினால், ஆறு சதவீதம் வேகமாக ஓடுகிறது.

எடுத்த கோப்பை அப்படியே ஒரு பிரதி பூட்டி வைத்துவிட்டு, வேறொரு பிரதியில்தான் சுத்தம் செய்ய வேண்டும். இரைச்சல் குறைப்பை 6 முதல் 9 டெசிபெல் வரை வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் குமிழியிடத் தொடங்கும். கொஞ்சம் "உஸ்" என்ற சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும், குரலின் மூச்சு அதில்தான் இருக்கிறது. பகிர்வதற்கு 192 கிலோபிட் எம்பி3 போதும்.

யார், எங்கே, எப்போது என்று எழுதி வைக்காத கோப்பு பாதிக் கோப்புதான். நாற்பதைத் தாண்டியவர்கள், அண்மை நாட்களை விட்டால், தங்கள் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நாட்களைத்தான் அதிகமாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. ஆகவே, கேசட் பதிந்த காலத்தில் அந்த வயதில் இருந்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்கச் செய்யுங்கள். அவர் கேட்டுக்கொண்டே சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். இரண்டு கோப்புகளையும் சேர்த்துச் சேமித்தால், பின்னணியில் இருமுவது யார் என்பது வரை மிஞ்சும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், பேசுபவர், கேசட்டின் எந்தப் பக்கம் என்ற வரிசையில் வைத்தால் தானாக வரிசைப்படும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு வீட்டில்.

மற்ற பழைய பொருள்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. 3.5 அங்குல ஃப்ளாப்பிக்கு யுஎஸ்பி ட்ரைவ் கிடைக்கிறது. மூலையில் இருக்கும் தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வைத்தால் எதுவும் அழியாது. உரசும் சத்தம் வந்தால் உடனே வெளியே எடுங்கள். எழுதிய சிடிக்களில் அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல் மோசம், ஏனென்றால் பிரதிபலிக்கும் படலம் மேல்பக்க மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆகவே பால்பாயிண்ட் பேனாவால் அதில் எழுதக் கூடாது. பசைக்கோடுகள் போட்ட ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட புகைப்படத்தைப் பல் இடுக்கு நூலைப் பின்னால் விட்டு அறுப்பதுபோல் இழுத்து எடுக்கலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே முயலாதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பழைய ஃபேக்ஸ் தாள், ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத் தாளில் அச்சானவை. அவை பெட்டிக்குள் இருந்தாலும் மங்கும், அதனால் அவற்றை முதலில் படமெடுத்துவிடுங்கள்.

பதிவு முடிந்த கேசட்டை எறிய வேண்டாம். இன்னும் நல்ல இயந்திரத்தில், இன்னும் சரியான கோணத்தில் யாராவது ஒருநாள் திரும்ப எடுக்க நினைக்கலாம். ஒரு முனைவரை ஓட்டி முடித்த நிலையில், பெட்டிக்குள் போட்டு, புத்தகம்போல் நிற்கவைத்து, ஸ்பீக்கர் காந்தத்துக்குத் தள்ளி, குளிர்ந்த உலர்ந்த அலமாரியில் வையுங்கள். ரிக்கார்டரிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே இருக்கும் தகடுகளை அரித்துவிடும்.